அலை ஒரு மீட்டர்தான். தண்ணீர் எப்படி வாசற்படிவரை ஏறியது?

#1 மேற்குக்கரையான் | மே 7, காலை 6.40

குளச்சலுக்கு மேற்கே எங்கள் ஊர். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மண் சாலை, ஒரு கருங்கல் தடுப்புச் சுவர், அதற்கப்பால் கொஞ்சம் மணல். அவ்வளவுதான். நேற்று முன்தினம் இரவு பதினொன்றரை மணிக்குக் கடல்தண்ணீர் சுவரைத் தாண்டி, சாலையைக் கடந்து, எங்கள் வீட்டின் இரண்டாம் படியை நனைத்துவிட்டுத் திரும்பியது. சுவர்மேல் அம்மா விட்டு வைத்திருந்த நெத்திலி, பாயோடு போய்விட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். அன்று காற்று இல்லை. மழை இல்லை. வானம் நிறைய நட்சத்திரம். காலையில் வந்த அறிவிப்பில் வழக்கம்போல 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று தொடங்கி, அலை உயரம் 0.9 முதல் 1.1 மீட்டர் என்றுதான் போட்டிருந்தார்கள். பக்கத்தில் 16 நொடி என்று இன்னோர் எண்ணும் இருந்தது. அதை நான் பார்ப்பதே இல்லை. போன ஆண்டு ஆடியில் இரண்டு மீட்டர் அலை அடித்தது, நின்று பேச முடியாத காற்று. அப்போதுகூடத் தண்ணீர் சுவரின் பாதியைத் தாண்டவில்லை.

இரண்டு மீட்டர் அலைக்கு ஏறாத தண்ணீர் ஒரு மீட்டர் அலைக்கு எப்படி ஏறும்? அறிவிப்பு தவறா, நான் படிக்கும் விதம் தவறா?

#2 சந்தேகப்பிராணி | மே 7, காலை 7.15

கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. பத்து வருடமாக எல்லோரும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? இதற்கு ஓர் இழை வேண்டுமா?

#3 கரைமடி | மே 7, காலை 8.02

தம்பி, இதற்குப் பெயரே கள்ளக்கடல். காற்றடித்து, இரைந்து, சொல்லிவிட்டு வரும் கடல் வேறு. இது சத்தமில்லாமல் வந்து எடுத்துக்கொண்டு போவது. கேரளக் கரையிலும் நம் மேற்குக் கரையிலும் கிழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சொல். 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2024 மார்ச் 31ஆம் தேதி ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் இதனால்தான்.

எங்கள் தாத்தா வள்ளம் இறக்குமுன் கரையில் குந்தி உட்கார்ந்து அலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். உயரத்தைப் பார்ப்பதைவிட, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதைத்தான் பார்ப்பார். அலை 'நீண்டு' வருகிறது என்றால் அன்றைக்கு வள்ளத்தை இன்னும் பத்து முழம் மேலே ஏற்றி வைக்கச் சொல்வார். ஆடியில் அலைக்கு அலை எட்டு நொடி, ஒன்பது நொடி. நீங்கள் பார்க்காமல் விட்ட 16தான் உங்கள் அம்மாவின் நெத்திலியைக் கொண்டுபோனது.

#4 ரசமட்டம் | மே 7, காலை 10.30

முப்பது வருடம் கடலரிப்புத் தடுப்பு வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரைமடி சொன்னது சரி. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அறிவிப்பில் வரும் அலை உயரம் என்பது கரைக்கு வெளியே, உடையாத அலையில் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம். அதுவும் எல்லா அலைக்கும் பொது அல்ல. வருகிற அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படியை நனைத்தது அந்த உயரம் அல்ல. அலை உடைந்து, நுரையும் மணலுமாகச் சரிவில் மேலேறி, ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு இறங்கும் அல்லவா? அது தயங்கி நிற்கும் இடம், அமைதியான கடல் மட்டத்திலிருந்து செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. நாங்கள் அதை ஏறுயரம் என்போம். மணலில் எத்தனை அடி ஓடியது என்பது வேறு விஷயம்.

இந்த ஏறுயரத்தில் இரண்டு கூறு உண்டு. உடையும் அலைகள் ஓயாமல் கரைப்பக்கம் தண்ணீரைத் தள்ளுவதால், கரையோரத்தில் கடலின் சராசரி மட்டமே சற்று மேலேறி நின்றுவிடும். ஒரு தாம்பாளத் தண்ணீரை ஒரு பக்கமாக ஊதிக்கொண்டே இருந்தால் மறுபக்கம் உயர்ந்து நிற்பதுபோல என்று சொல்லலாம், ஆனால் இங்கே தள்ளுவது காற்றல்ல, அலையே. லாங்கெட்-ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் இருவரும் 1960களில் இதற்குக் கணக்கு எழுதினார்கள். அப்படி உயர்ந்த மட்டத்தின் மேல் ஒவ்வோர் அலையும் ஏறி இறங்குவது இரண்டாம் கூறு. கரைக்கு வந்து பார்ப்பவர் கண்ணில் படுவது இரண்டாவது மட்டும்தான். முதலாவது திருட்டுத்தனமாக அடியில் உட்கார்ந்திருக்கும்.

சந்தேகப்பிராணி அவர்களுக்கு: கடல் மட்டம் உயர்வது உண்மை. ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர். இரவில் ஏறி விடிந்ததும் இறங்கிவிட்ட ஒரு மீட்டருக்கு அதைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. ஓதமும், அதாவது அன்றாடம் கடல் ஏறி வற்றுவதும், நம் குமரிக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான்.

#5 அளவுகோல் | மே 7, மதியம் 1.20

கணக்கு போட்டுப் பார்த்தேன், ஐயா. உதைக்கிறது.

1959இல் ஹன்ட் கொடுத்த எளிய சூத்திரம் இருக்கிறது: அலை உயரத்தையும் ஆழ்கடல் அலைநீளத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, கரையின் சரிவால் பெருக்கினால் ஏறுயரம். சரிவு எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அலைநீளம் 1.56 பெருக்கல் நொடி. ஆடி அலைக்கு 12.5 மீட்டர், கள்ளக்கடலுக்கு 25 மீட்டர். முதலாவதில் 2 பெருக்கல் 12.5, அதாவது 25. இரண்டாவதில் 1 பெருக்கல் 25. அதுவும் 25! இரண்டுக்கும் ஒரே விடை, அறுபது சென்டிமீட்டர் சொச்சம். அப்படியானால் நெத்திலியை யார் கொண்டுபோனார்கள்?

#6 டெல்ஃப்ட்வாசி | மே 7, மாலை 4.05

வர்க்கத்தை விட்டுவிட்டீர்கள், தம்பி. 1.56 பெருக்கல் நொடியின் வர்க்கம்.

#7 அளவுகோல் | மே 7, மாலை 4.40

தலையில் குட்டிக்கொண்டேன்.

சரி, மறுபடியும். எட்டு நொடிக்கு 1.56 பெருக்கல் 64, ஏறத்தாழ 100 மீட்டர். பதினாறு நொடிக்கு 400 மீட்டர். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நானூறு மீட்டர்! அதனால்தான் கரையில் நின்று பார்த்தால் கடல் சும்மா கிடப்பதுபோல் தெரிகிறது. ஆடிக்கு 2 பெருக்கல் 100, வர்க்கமூலம் 14.1, எட்டில் ஒன்று: 1.77 மீட்டர். கள்ளக்கடலுக்கு 1 பெருக்கல் 400, வர்க்கமூலம் 20, எட்டில் ஒன்று: 2.5 மீட்டர்.

அலை உயரம் பாதி, ஏறுயரமோ 70 சென்டிமீட்டர் கூடுதல். நொடி இரட்டித்தால் ஏறுயரமும் அப்படியே இரட்டிக்கிறது. உயரம் இரட்டித்தால் ஒன்றே கால் மடங்குக்கு மேல், ஒன்றரை மடங்குக்குள்தான் ஆகிறது. நொடிக்குத்தான் இந்தச் சூத்திரத்தில் செல்வாக்கு. பாவம், அறிவிப்பில் அந்த எண் ஓரத்தில் கிடக்கிறது.

#8 டெல்ஃப்ட்வாசி | மே 7, இரவு 9.50

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நெதர்லாந்தில் அணைக்கட்டுகளின் நடுவே வாழ்கிறவன். இங்கே கடலைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதைக்கும். 1953 ஜனவரி 31 இரவு அணைகள் உடைந்து இந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து ஏறுயரம் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

ஹன்டின் சூத்திரம் சரிவான அணைகளுக்கும் தொட்டியில் விடும் ஒரே சீரான அலைகளுக்கும் எழுதப்பட்டது. இயற்கையான மணற்கரைக்கு 2006இல் ஸ்டாக்டன் குழுவினர் பல கரைகளில் எடுத்த அளவுகளிலிருந்து ஒரு சூத்திரம் தந்தார்கள். நான் முன்பு சொன்ன நிலை ஏற்றம் (கரையோரத்தில் உயர்ந்து நிற்கும் மட்டம்), ஏறி இறங்கும் வீச்சு இரண்டையும் அது தனித்தனியே கணக்கில் எடுக்கும்... மன்னிக்கவும், அதைச் சொன்னது நானல்ல, ரசமட்டம் ஐயா. அதில் போட்டால் ஆடிக்கு 1.56 மீட்டர், கள்ளக்கடலுக்கு 2.2 மீட்டர். எண் குறைந்தாலும் கதை அதேதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இது நூற்றில் இரண்டு அலை மட்டும் தாண்டும் உயரம். நெதர்லாந்துக்காரர்கள் பழைய நாளிலிருந்தே அணைக்கு இந்த நூற்றுக்கு இரண்டைத்தான் அளவாகப் பிடித்திருக்கிறார்கள். பதினாறு நொடி அலையென்றால் மணிக்கு 225 அலை. அதில் நான்கைந்துதான் அந்தக் கோட்டைத் தாண்டும்.

சரிவை மாற்றினால் கதையே மாறும். உங்கள் ஊர்க் கரை எட்டுக்கு ஒன்று என்றால் அது செங்குத்தான கரை. ஐம்பதுக்கு ஒன்று என்று விரிந்து கிடக்கும் தட்டையான கரையில் அந்த இரண்டு மீட்டர் ஆடி அலை தூரத்திலேயே பலமுறை உடைந்து களைத்துப்போய் 60 சென்டிமீட்டர்தான் ஏறும். கரைச் சரிவும் அலையின் நீளமும் சேர்ந்து அலை எப்படி உடையும் என்று தீர்மானிப்பதை ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஐரிபாரன் 1949இல் ஒரே எண்ணில் அடக்கினார். அவர் பெயரால்தான் இன்றும் அந்த எண் வழங்குகிறது. எண் அரைக்குக் கீழே என்றால் அலை நுரைத்து வழியும். மூன்றேகாலுக்கு மேல் என்றால் உடையாமலே வீங்கி மேலேறும். நடுவில் என்றால் சுருண்டு குப்புற விழும். ஆடி அலைக்கு உங்கள் கரையில் 0.88, கள்ளக்கடலுக்கு 2.5. கிட்டத்தட்ட வீங்கி ஏறும் பக்கம் போய்விட்டது. அதுதான் சத்தமில்லை.

#9 நெய்தல்மகள் | மே 8, காலை 6.55

கணக்கு சரி, அண்ணன்மாரே. ஆனால் எனக்கு வர்க்கமூலம் எல்லாம் வேண்டாம். நொடி கூடினால் தண்ணீர் ஏன் மேலே ஏற வேண்டும்? மணலில் நின்று பார்ப்பவளுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

#10 ரசமட்டம் | மே 8, காலை 9.10

நல்ல கேள்வி, அம்மா. கரையில் போய் நில்லுங்கள், கால் நனையும் இடத்தில்.

எட்டு நொடி அலை வரும்போது பாருங்கள். ஓர் அலை ஏறி, இறங்கத் தொடங்கும். முழங்கால் அளவு இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். இறங்குகிற தண்ணீரும் ஏறுகிற தண்ணீரும் நேருக்கு நேர் முட்டி, அங்கேயே கலங்கி நுரைத்துப் படுத்துவிடும். இரண்டாவது அலையின் பாதி பலம் முதலாவதோடு மல்லுக்கட்டுவதில் தீர்ந்துவிடுகிறது. பதினாறு நொடியில் முதல் அலைத் தண்ணீர் முழுக்க வடிந்து, மணல் பளபளவென்று தெரியும். அடுத்தது வரும்போது எதிரே ஆளில்லை. அதோடு, முகட்டுக்குப் பின்னால் தண்ணீரின் நீளமும் அதிகம். முன்னால் ஏறும் நாக்கைப் பின்னால் வருவது நின்று நின்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருவன் தோளால் கதவை இடிப்பதற்கும் பத்துப் பேர் வரிசையாக நின்று தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு. பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் ஓய்வு இருக்கும். கரைமடியின் தாத்தா அந்த ஓய்வைத்தான் எண்ணிக் காத்திருந்திருப்பார். ஒவ்வொரு கூட்டத்தின்கூடவும் அரை நிமிடம், ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேலே நீண்ட ஒரு மெதுவான ஏற்ற இறக்கமும் கட்டிக்கொண்டு வரும். கண்ணுக்கு அது அலையாகவே தெரியாது. கடல் கொஞ்சம் உள்வாங்கி, கொஞ்சம் நிரம்புவதுபோல் இருக்கும். அது நிரம்பியிருக்கும் நேரத்தில் ஒரு நல்ல அலை வந்துவிட்டால், படி நனையும்.

#11 மாலேவாத்தியார் | மே 8, மதியம் 12.30

நான் மாலத்தீவில் கணக்கு ஆசிரியர். இங்கே 1987 ஏப்ரலில் மாலே நகரத்துக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் இப்படித்தான் தெற்கிலிருந்து நீண்ட அலை வந்து புகுந்தது. இங்கே புயல் இல்லை, புயல் அடித்தது எங்கேயோ தென்கடலில். அதற்கப்புறம்தான் ஜப்பான் உதவியில் நகரத்தைச் சுற்றிக் கடல் தடுப்பும் டெட்ராபாட் என்னும் நான்கு கால் கான்கிரீட் கற்களும் வந்தன. மாலை நேரத்தில் அந்தக் கற்களின்மேல்தான் உட்கார்ந்து காற்று வாங்குகிறோம்.

தென்கடலில் பிறக்கும் 16 நொடி அலைக்கூட்டம் மணிக்கு 45 கிலோமீட்டர் போகும். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். குமரிக்கு வர ஐந்தாறு நாள் ஆகும். அதனால்தான் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் இதற்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது.

#12 சந்தேகப்பிராணி | மே 8, மதியம் 2.00

எல்லாம் சரி. ஆனால் 2.2 மீட்டர்தானே வருகிறது? இழை தொடங்கியவரின் சுவர் எவ்வளவு உயரம்? அதை யாருமே கேட்கவில்லையே.

#13 டெல்ஃப்ட்வாசி | மே 8, மாலை 5.15

சந்தேகப்பிராணிக்கு ஒரு சபாஷ்.

மேற்குக்கரையான், ஒன்று செய்யுங்கள். இங்கே புயல் ஓய்ந்த மறுநாள் அணைக்காரர்கள் கையில் கம்போடு சரிவில் நடப்பார்கள். தண்ணீர் கடைசியாக எட்டிய இடத்தில் வைக்கோல், நாணல், பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் குப்பைக் கோட்டின் உயரத்தை அளந்து எழுதி வைப்பார்கள். உலகத்தில் இதைவிட மலிவான கருவி இல்லை. உங்கள் கரையிலும் அந்தக் கோடு இன்னும் இருக்கும், யாரும் பெருக்கியிருக்காவிட்டால்.

#14 மேற்குக்கரையான் | மே 9, காலை 11.40

யாரும் பெருக்கவில்லை. இங்கே யார் பெருக்குவது?

பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணனிடம் மட்டக் குழாய் வாங்கிக்கொண்டு போனேன். காலையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே கடல் அமைதியாக இருந்த நேரத்தில் தண்ணீர் ஓரம் ஒரு கம்பு நட்டு, அதிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தோம். தம்பி ஒரு முனை, நான் ஒரு முனை. மூன்று முறை அலை வந்து தம்பியின் லுங்கியை நனைத்தது, குழாயில் காற்றுக்குமிழி புகுந்து ஒருமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கிடைத்த அளவுகள்:

மணல், 16 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர் ஏறுகிறது. அளவுகோல் சொன்ன எட்டுக்கு ஒன்று குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது. சுவரின் அடி, கடல் மட்டத்திலிருந்து 1.1 மீட்டர். சுவரின் தலை, 3.2 மீட்டர்.

சுவருக்கு நடுவே வள்ளம் ஏற்றி இறக்க ஓர் இடைவெளி உண்டு, அங்கே வெறும் மணல்தான். அங்கே குப்பைக் கோடு நன்றாகத் தெரிகிறது: ஆகாயத்தாமரைத் தண்டு, தெர்மோகோல் துண்டுகள், வலை மிதவை, ஒற்றைச் செருப்பு. அதன் உயரம் 2.5 மீட்டர்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு நேரே தண்ணீர் 3.2 மீட்டரைத் தாண்டி வந்திருக்கிறது. ஒரே இரவு, ஒரே கடல், முப்பது அடி தள்ளி. இப்போது குழப்பம் கூடிவிட்டது.

#15 அளவுகோல் | மே 9, மதியம் 12.05

மணலில் 2.5! சூத்திரம் 2.2, அன்றிரவு ஏற்றம் ஒரு 30 சென்டிமீட்டர். கச்சிதம்!

#16 ரசமட்டம் | மே 9, மதியம் 12.50

துள்ளாதீர்கள். அந்தச் சூத்திரம் நாற்பது சென்டிமீட்டர்வரை சாதாரணமாகப் பிசகும். இது அதிர்ஷ்டம்.

மேற்குக்கரையான், சுவரைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? போன ஆடிக்கும் இப்போதைக்கும் நடுவில் அதில் ஏதாவது வேலை நடந்ததா? முதல் பதிவில் 'சுவர்மேல் நெத்திலி' என்று எழுதியிருந்தீர்கள். கருங்கல் அடுக்கின்மேல் எப்படிப் பாய் விரிப்பது?

#17 மேற்குக்கரையான் | மே 9, மதியம் 1.30

ஐயா, தை மாதம் ஊர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் சுமார் நூறு அடிக்குக் கல் இடுக்குகளில் ஜல்லி போட்டுச் சிமென்ட் பூசினோம். மேலே மீன் காயவைக்கவும், கடல் பக்கம் பிள்ளைகள் இறங்கிப்போக வழவழப்பாகவும். கல்லுக்குள் எலி, பாம்பு, குப்பை. பூசிய பிறகு சுவர் இன்னும் கெட்டியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

#18 ரசமட்டம் | மே 9, மதியம் 2.15

அதுதான்.

தம்பி, கல் சுவரில் பாதி வேலையைச் செய்வது கல், மீதிப் பாதியைச் செய்வது இடுக்கு. ஏறிவரும் தண்ணீர் ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்து, சுழன்று, கல்லில் மோதிக் காற்றோடு கலந்து பலத்தை இழக்கிறது. கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே இறங்கிவிடுகிறது. டெட்ராபாட் என்று பிரான்சின் கிரெனோபிளில் 1950இல் நான்கு கால் கான்கிரீட் வார்த்தார்களே, அதன் சூட்சுமமும் கால்களல்ல, கால்களுக்கு நடுவே கிடைக்கும் வெற்றிடம். ஐரோப்பாவில் கடல் தடுப்பு வேலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் யூரோடாப் கையேட்டில் இதற்கு எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட் சரிவுக்கு 1. தண்ணீர் புகாத அடித்தளத்தின்மேல் இரண்டு அடுக்குக் கருங்கல்லுக்கு 0.55. உள்ளேயும் தண்ணீர் புகும் கல் குவியலுக்கு 0.40. டெட்ராபாட்டுக்கு 0.38. அதாவது பூசிய முகத்தில் பத்து அடி ஏறும் தண்ணீர், வெறும் கல்லில் நாலு முதல் ஐந்தரை அடிதான் ஏறும்.

நீங்கள் மணலைவிடச் செங்குத்தாக ஒரு வழுக்குப் பலகை செய்து கடலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதை நான் பார்த்தது மட்டுமல்ல, செய்தும் இருக்கிறேன். பணியில் இருந்தபோது ஒரு கரையில் நடைபாதைக்காக நாங்களே இப்படிப் பூசினோம். அந்த மழைக்காலம் முழுக்கத் திட்டு வாங்கினேன்.

#19 டெல்ஃப்ட்வாசி | மே 9, மாலை 6.20

ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. அந்த 0.55 குட்டை அலைக்குத்தான் அப்படியே பொருந்தும். அதே கையேட்டில், அலை நீள நீளக் கல்லின் சொரசொரப்பு தரும் உதவி குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் இல்லையென்றே ஆகிவிடும் என்றும் இருக்கிறது. கள்ளக்கடல் போன்ற அலைக்கு முன் கல்லின் மேல்தோல் பெரிதாக எதுவும் செய்யாது. தண்ணீர் உள்ளே புகுந்து போக வழி இருக்கிறதா என்பதுதான் அப்போது கேள்வி. ஆகவே பூச்சு செய்த பெரிய கெடுதல் வழவழப்பைவிட, சுவரின் வாயை அடைத்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

#20 ரசமட்டம் | மே 9, மாலை 7.00

ஒப்புக்கொள்கிறேன்.

#21 சந்தேகப்பிராணி | மே 9, இரவு 8.10

எனக்கு இரண்டு. ஒன்று, போன ஆடியோடு ஒப்பிட்டால் நொடியும் மாறியிருக்கிறது, சுவரும் மாறியிருக்கிறது. குற்றவாளி எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? இரண்டு, இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் ஐந்து மீட்டருக்கு நேராக ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டால் என்ன?

#22 ரசமட்டம் | மே 9, இரவு 9.30

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனெனில் ஒவ்வொரு கிராமசபையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். நேர்ச்சுவரில் மோதும் அலை எங்கும் போகாது, திரும்பும். திரும்புகிற அலையும் வருகிற அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுவரோரத்தில் கிட்டத்தட்ட இரட்டை உயரத்துக்கு எழும்பி இறங்கும். எழும்பும்போது தெறிக்கும், இறங்கும்போது அடிமணலைத் தோண்டும். தோண்டத் தோண்டச் சுவரடியில் ஆழம் கூடும். ஆழம் கூடினால் வெளியே உடைந்திருக்க வேண்டிய பெரிய அலை உடையாமலே சுவர்வரை வரும். அப்புறம் ஐந்து மீட்டர் போதாது, ஆறு கேட்பீர்கள். சுவர் முடியும் இடத்தில் பக்கத்து ஊர் மணல் கரையும். அந்த ஊர்க்காரர்களும் சுவர் கேட்பார்கள், அல்லது தூண்டில் வளைவு கேட்பார்கள். கடலில் எதை நீட்டினாலும் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் போகும். 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுக வேலையால் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் தேய்ந்ததும் தெரிந்த கதைதானே.

உண்மையில் நல்ல தடுப்பு மணல்தான். கரையின் மேல்முனையில் மேடு கட்டியிருக்கிறதே, அது கடல் தன் ஏறுயரத்துக்குத் தானே போட்டுக்கொண்ட வரப்பு. அதை வெட்டி எடுத்து வீட்டுக்கு அடித்தளம் நிரப்புகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

முதல் கேள்விக்கு வழி ஊரிலேயே இருக்கிறது. நூறு அடிதான் பூசினார்கள். மீதிச் சுவர் வெறும் கல்.

#23 கரைமடி | மே 10, காலை 5.50

நடுவில் ஒன்று. அந்த நூற்றுக்கு இரண்டு கணக்கு இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து பாறையோரம் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பார்கள். பதினாறு நொடிக்கு ஒன்று என்றால் ஐந்து நிமிடத்தில் இருபது அலைகூட வராது. பெரியது அதற்குள் வந்திருக்க வாய்ப்பு குறைவு. 'இவ்வளவுதான் வருகிறது' என்று நம்பி இறங்குவார்கள். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. பார்க்கும்போது கடல் பெரிதாக ஒன்றும் செய்துகொண்டிருந்திருக்காது.

#24 மேற்குக்கரையான் | மே 10, காலை 10.20

போய்ப் பார்த்தேன். அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு தம்பியைத் தண்ணீர் ஓரம் நிற்க விடவில்லை.

பூசாத பக்கம், எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய இருநூறு அடி வடக்கே. சுவரின் தலை அங்கும் அதே உயரம்தான், குழாய் பிடித்துப் பார்த்தாயிற்று. அங்கே சாலை காய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டி, அன்று இரவு சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை என்கிறார். கல் இடுக்குகளில் குப்பை செருகியிருக்கிறது. மேலே செருகியிருந்த பாசியும் நைலான் கயிறும் சுவர்த் தலைக்கு ஒன்றரை அடி கீழே நின்றுவிட்டன. பூசிய இடத்தில் மேலே ஒன்றும் ஒதுங்கவில்லை. எல்லாம் சாலைக்கு அப்பால், எங்கள் வேலியில்.

#25 டெல்ஃப்ட்வாசி | மே 10, மதியம் 2.45

அப்படியானால் இரண்டும் குற்றவாளிகள். நீண்ட அலை தண்ணீரைச் சுவர்வரை கொண்டுவந்தது, பூச்சு அதை மேலே ஏற்றிவிட்டது. அந்த ஒன்றரை அடியைத்தான் உங்கள் சிமென்ட் விலை கொடுத்து வாங்கியிருக்கிறது.

#26 நெய்தல்மகள் | மே 10, மாலை 4.00

பூச்சை உடைக்க வேண்டும் என்று சொல்லப் போகிறீர்கள், தெரிகிறது. உடைப்பதற்கு முன் பெண்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மணலில் காயவைத்த கருவாட்டுக்கு ஒரு விலை, சுத்தமான தளத்தில் காய்ந்ததற்கு ஒரு விலை. உங்கள் அம்மா அந்தச் சுவர்மேல் பாய் விரித்தது விளையாட்டுக்கு அல்ல.

#27 மேற்குக்கரையான் | மே 13, இரவு 8.30

ஊர்க்கூட்டம் நடந்தது. ரசமட்டம் ஐயாவின் பதிவை வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள், வடக்குப் பக்கச் சுவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியபின் சிரிக்கவில்லை. சரிவான கடல்பக்க முகத்தில் உள்ள பூச்சை உடைத்துக் கல்லைத் திறந்துவிடுவது, மேலே தட்டையாக உள்ள தளத்தைக் கருவாட்டுக்கு விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. ஐயா, இது போதுமா?

#28 ரசமட்டம் | மே 13, இரவு 9.15

மேல்தளம் இருக்கட்டும், அதனால் பெரிய தொந்தரவு இல்லை. முகத்தைத் திறக்கும்போது இடுக்கில் போட்ட ஜல்லியையும் சேறாகிப்போன மணலையும் பிளாஸ்டிக்கையும் வெளியே எடுக்க வேண்டும். சிமென்டை மட்டும் தட்டிவிட்டால் உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். அடிவரிசைக் கற்கள் மணலில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பெரிய கல்லாகப் பார்த்து அடியில் போடச் சொல்லி மனு கொடுங்கள். சம்மட்டி வேலையைக் கடல் அமைதியான பகலில் செய்யுங்கள், ஆனி பிறப்பதற்குள்.

#29 மேற்குக்கரையான் | மே 15, மாலை 6.10

இன்று பாதி உடைத்தாயிற்று. அறிவிப்பு வந்திருக்கிறது: நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை, 1.0 மீட்டர், 17 நொடி. பாயை உள்ளே எடுத்துவிட்டார் அம்மா. வள்ளங்களைப் பத்து முழம் மேலே ஏற்றியிருக்கிறோம், கரைமடி அண்ணனின் தாத்தா கணக்குப்படி.